சுழல் வடிகட்டியில் குளித்த முதலாளி

சாயப்பட்டறை முதலாளி குழந்தைவேலு வெள்ளிக்கிழமைதோறும் சுழல் வடிகட்டிக்குள் இறங்கிக் குளிப்பார். மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அவர் இப்படி.

அது ஆளுயரச் சல்லடை உருளை. சாயக்கழிவு உள்ளே பாயும். தெளிந்த நீர் சல்லடை வழியே வெளியேறும். ஒட்டிய சேற்றை, உருளை சுழலச் சுழல, மேலிருந்து பீய்ச்சும் நீரே கழுவித் தள்ளிவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. குழந்தைவேலுவையும் அது அப்படித்தான் பிரித்தது. வெள்ளைச் சட்டையோடு ஒருவர் முன்பக்கம் வருவார். அவர் செய்ததெல்லாம் சேறாகப் பின்பக்கம் விழும்.

அதனால் அவரோடு சண்டைக்குப் போன யாருக்கும் சண்டை கிடைத்ததில்லை.

பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு கிளம்பினாள். பட்டறைக் கழிவு இறங்கிய அவள் கிணற்றுத் தண்ணீர். அதைக் குடித்துத்தான் அவளுடைய எருமை செத்தது. பட்டறையில் எந்தச் சாயம் ஓடுகிறதோ, அவள் தென்னையின் இளநீர் அந்த நிறத்தில் இருந்தது. இந்தச் சொம்பைக் குழந்தைவேலுவின் வாயில் ஊற்றாமல் திரும்புவதில்லை என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

வாசலில் காவலாளி மறித்தான்.

"என்ன கலருங்க?"

"செவப்பு."

"செவப்பு போன வாரமுங்க. இன்னைக்கு ஊதா."

"எருமை செத்தது செவப்புலதான்."

அவன் வழிவிட்டான். அவள் நடக்க நடக்கப் பாதை நீண்டது.

"கோவத்தக் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா சீக்கிரம் போயிரலாமுங்க" என்றான் பின்னாலிருந்து.

அவள் நீண்ட பாதையிலேயே நடந்தாள்.

குழந்தைவேலு அப்போதுதான் குளித்து வந்திருந்தார். அவர் உடம்பின் ஊடாகப் பின்சுவர் தெரிந்தது. மயிலாத்தாள் கிணறு கெட்ட கதையைச் சொன்னாள்.

"கெணறா? அப்படீன்னா என்னங்கம்மா?" என்று பணிவாகக் கேட்டார். "தண்ணி எனக்குங்களா? குடுங்க." இரண்டு கைகளையும் நீட்டினார்.

மயிலாத்தாள் சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஒன்றும் அறியாதவன் வாயில் ஊற்றி என்ன பிரயோசனம்?

"எல்லாந் தெரிஞ்ச குழந்தைவேலு எங்க?"

"பின்னாடி காயறாருங்க."

பின்னால் சேறு உலர்த்தும் களத்தில் இன்னொரு குழந்தைவேலு கிடந்தார். வெயிலில் முகம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"மயிலாத்தாளுங்களா. எருமை செனையா இருந்துச்சு. தெரிஞ்சேதான் கழிவத் தொறந்து உட்டேன்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆள் இவன்தான்.

"வாயத் தொற."

அவர் திறந்தார். நாக்கும் வெடித்திருந்தது. "தாகமுங்க" என்றார். "என்ன தண்ணியா இருந்தாலும் ஊத்துங்க."

மயிலாத்தாள் சொம்பைச் சாய்த்தாள். அதற்குள் இடது கை, தாகமென்று வந்த எவருக்கும் செய்வதுபோல, முந்தானையைச் சொம்பின் வாயில் கட்டிவிட்டது. அவள் கையை முறைத்தாள். கை அசையவில்லை. சிவப்பு துணியில் தங்கியது. தண்ணீர் தெளிவாக இறங்கியது.

அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். உதட்டு வெடிப்பு ஒன்று மூடிக்கொண்டது.

மயிலாத்தாளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முந்தானை சிவந்து கனத்தது. அதைக் கழுவ எதுவும் தானாகச் சுழலவில்லை. பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தீந்துதுன்னு நெனைக்காத" என்றாள். "கெணறு முழுக்கக் கெடக்குது. அத்தனையும் நீதான் குடிக்கோணும்."

"சரீங்க" என்றார் அவர்.

அவள் அடுத்த சொம்பு கொண்டுவரப் போனாள்.