குறுக்குக் காற்றில் ஓர் இணைப்பு

எங்கள் சதுரங்கக் கழகத்தின் பழைய கணினியில் உறுப்பினர் வுகாஷின் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி முடித்தபோது, பாலம் கட்டித் திறந்தவரைப் போல எழுந்து நின்றார்.

"இது யோசிக்கிறவங்களுக்கான சிஸ்டம்."

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. இணையம் வரவில்லை. அன்று மாலை எங்கள் இளம் ஆட்டக்காரி மிலுங்கா ஆடவேண்டிய இணைய ஆட்டம் நடக்காவிட்டால் கழகம் லீக்கிலிருந்தே வெளியேறிவிடும்.

"டிரைவர் கோளாறு" என்று வுகாஷின் கறுப்புத் திரையில் எதையோ தட்டினார். இணைப்பு வந்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் போய்விட்டது.

"ஐ.பி. முகவரிய நானே குடுக்கணும்." கொடுத்தார். வந்தது, போனது. மூன்றாவது முறை அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே வந்தது.

"முன்னாடி குடுத்த கட்டளை இப்பத்தான் உறைக்குது" என்றார் அசராமல்.

மிலுங்கா கணினியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கேபிள் செருகிய இடத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரிந்து, அணைந்தது.

"இது அணைஞ்சா கம்பியிலயே ஒண்ணும் வரலன்னுதானே?"

"அதெல்லாம் உனக்கெதுக்கும்மா?"

அவள் கேபிளை விரலால் தடவியபடியே போனாள். மேசை, சுவர், ஜன்னல். கீழேயுள்ள ரொட்டிக்கடையிலிருந்து அது ஜன்னல் வழியாகத்தான் ஏறி வந்தது. மூடியிருந்த ஜன்னல் கதவு அதைக் கடித்துக்கொண்டிருந்தது. திறந்தாள், விளக்கு எரிந்தது. மூடினாள், அணைந்தது. ஆசை தீரும்வரை திறந்து மூடினாள்.

புகை பிடிப்பவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போக, பின்னாலேயே ஒருவர் மூடியிருக்கிறார். எல்லோரும் தலைவர் தோப்ரிவோயேவைப் பார்த்தோம்.

"பின்ன? குறுக்குக் காத்து அடிச்சா யார் பொறுப்பு? என் மச்சினனுக்குக் கழுத்தே திரும்பாமப் போச்சு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே வீசும் குறுக்குக் காற்று ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் என்று நம்பும் எங்கள் ஊரில் அதை யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை.

"அறைக் கதவ சாத்திடலாமே, தலைவரே?" என்றார் ஒருவர்.

"அடியில இடுக்கு இருக்கே! இடுக்குல வர்ற காத்துதான்யா ஆளையே முடக்கும்."

"ஆட்டம் வேணுமா, கழுத்து வேணுமா?" என்றாள் மிலுங்கா, ஜன்னலை அகலத் திறந்தபடி.

நொடியில் அறை காலியானது. வுகாஷின்தான் முதலில் ஓடினார்.

வழக்கமாக அவள் முதுகுக்குப் பின்னால் கழகமே நின்று, நகர்த்தலுக்கு ஒரு யோசனை சொல்லும். அன்று நாங்கள் நடைக்கூடத்தில் நின்று, கதவின் கண்ணாடியைத் தட்டி "குதிரை! குதிரை!" என்று கத்தினோம். அவள் எங்களுக்கு முதுகு காட்டும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஜெயித்தாள்.

கழகத்தை வீழ்ச்சியிலிருந்து மீட்ட தொழில்நுட்ப மேதைமை பற்றித் தோப்ரிவோயே நடைக்கூடத்திலேயே ஓர் உரையைத் தொடங்கினார். மிலுங்கா கதவை இத்தனூண்டு திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அடுத்த ஆட்டத்துக்கும் ஜன்னல் தொறந்தேதான் இருக்கும், தலைவரே."