சத்தமில்லாத நிப்பு

எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கோபியின் நடுவிரலில் இருந்த நீலம் போகவில்லை. குளிப்பாட்டி, விபூதி பூசி, புது வேட்டி கட்டிக் கூடத்துப் பாயில் கிடத்திய பிறகும் அம்பிகா ஈரத் துண்டோடு அந்த விரலை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உடு அண்ணி. மைதானே, இருந்துட்டுப் போட்டும்," என்றான் கோபியின் தம்பி பரந்தாமன்.

அவர் பேனா ரிப்பேருக்குப் போய்ச் சென்னையில் இருந்தது. மை காய்ந்துவிட்டதா என்று நேற்றுச் சாயங்காலம் புட்டியைத் திறந்து பார்த்தவர், விரலில் ஊற்றிக்கொண்டார். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"பரந்தாமா, உனுக்கு ஒரு சத்தம் கேக்குதா? கர்ரக் கர்ரக்னு?"

"தெருவுல மோளம் அடிக்கிறாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவளுக்குக் காலையிலிருந்தே கேட்டது. பேனா இல்லாத வீட்டில் பேனா கீறும் சத்தம். அவளுக்குப் பயமாக இருந்தது.

தோல் கம்பெனியில் ரிட்டையர் ஆன கையோடு சென்னைக்குப் போய் வாங்கி வந்த பேனா அது. ஏசி கடையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, வெல்வெட் தட்டில் பேனாவை வைத்து நீட்டினார்களாம். "சார்னு கூப்டாங்க," என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கம்பெனியில் அத்தனை வருஷமும் அவர் 'டேய் கோபி'தான். "லைஃப் டைம் கேரண்ட்டி வேற," என்றபோது, "உங்க லைஃபா, பேனா லைஃபா?" என்று அம்பிகா கிண்டல் செய்தாள். இன்றைக்கு அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எழுதிப் பார்க்க அவருக்கு வேறெதுவும் தோன்றாது. காட்பாடி பாசஞ்சர் நிற்கும் ஸ்டேஷன்களை வரிசையாக எழுதுவார். விரிஞ்சிபுரம் வரும்போது நிப்பு காகிதத்தைக் கீறும். உடனே கடைக்குப் போன் போட்டு, போனைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்து எழுதிக் காட்டுவார். "கேக்குதாம்மா?" கடையில் பேசும் சங்கீதா என்ற பெண்ணுக்குப் பொறுமை ஜாஸ்தி. "கேக்குது சார். பேனாவோட நீங்க எழுதின சீட்டையும் அனுப்புங்க சார். அதே மாதிரி எழுதிப் பாத்து சரி பண்ணிடறோம்," என்றாள். அனுப்பினார். அன்றிலிருந்து கூரியர் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவார். நேற்று அவர் கடைசியாகப் பேசியதும், "பேனா வந்துச்சா?" என்பதுதான்.

கோபியின் அத்தை அமிர்தவள்ளி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்ததும் சொன்ன வார்த்தை அம்பிகாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. "ஆசைய வச்சிட்டுப் போனவன் வாசப்படி தாண்டமாட்டான். இன்னா கேட்டானோ, அத காட்டி அனுப்புடி." எதைக் காட்டுவது? வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடுவார்கள்.

ஆணியில் தொங்கிய அவர் சட்டைக்குள் போன் அடித்தது. 'பேனா சங்கீதா'.

"எடுக்காத அண்ணி," என்றான் பரந்தாமன். அவள் எடுத்து, "அலோ" என்றாள்.

"வணக்கம் மேடம். கோபி சார் இருக்காரா? நிப்பு மாத்திட்டோம். பேக் பண்றதுக்கு முன்னாடி சார்கிட்ட ஒரு தடவ எழுதிக் காட்டிடறேன். இல்லன்னா கோச்சுக்குவாரு."

அம்பிகா கணவரைப் பார்த்தாள். செத்துட்டாரு என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் பதறிப்போய் வைத்துவிடுவாள். அதோடு முடிந்துபோகும்.

"இருக்காரு. குடுக்கறேன்."

கூடத்தில் அழுகை அப்படியே நின்றது. அவள் வாசலைப் பார்த்தாள். கோபியோடு கம்பெனியில் வேலை பார்த்த இஷ்தியாக் அகமது அங்கே நின்றிருந்தார்.

"பாய், மோளத்த கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மேளம் நின்றது.

அம்பிகா குனிந்து போனைக் கோபியின் காதில் வைத்துப் பிடித்தாள். காது சில்லென்றிருந்தது. உள்ளேயிருந்து சின்னதாகக் குரல் வந்தது.

"சார், பேப்பர் பக்கத்துல வச்சிருக்கேன். சத்தமே வராது பாருங்க. அதனால படிச்சிக்கிட்டே எழுதறேன். ஆம்பூர்... பச்சகுப்பம்... மேல்பட்டி..."

பரந்தாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வளத்தூர்... குடியாத்தம்... காவனூர்..."

அம்பிகா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"விரிஞ்சிபுரம்."

கீறவில்லை.

"லத்தேரி... காட்பாடி. சார், கேக்குதா?"

ஓர் ஈ அவர் கன்னத்தில் உட்கார்ந்து எழுந்து போனது.

"சார்?"

அம்பிகா போனைத் தன் காதுக்கு எடுத்தாள்.

"மேடம், சார் ஒண்ணுமே சொல்லலியே. திருப்திதானே?"

"கொற ஒண்ணும் சொல்லல," என்றாள் அம்பிகா.

"அப்பாடா! நாளைக்கே அனுப்பிடறேன் மேடம். சார் பேர்லதான் வரும். அவரே கையெழுத்து போட்டு வாங்கிக்கணும்."

"செரிம்மா."

"போய்ட்டான். இனி நிம்மதியாப் போய்ட்டான்," என்றாள் அமிர்தவள்ளி.

அம்பிகா காது கொடுத்துக் கேட்டாள். அலமாரிப் பக்கம், சுவர் ஓரம், அவர் உட்கார்ந்து எழுதும் ஜன்னலடி. எங்கும் அந்தச் சத்தம் இல்லை. காலையெல்லாம் அவளைப் பயமுறுத்திய சத்தம் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

மேளக்காரர்கள் இன்னும் தொடங்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீலம் படிந்த அந்த விரலைப் பிடித்து, நகம் படும்படி கோரைப்பாயின் மேல் மெல்ல இழுத்தாள்.