தட்டில் முளைத்த கை

"மோதிரத்தைக் கழட்டச் சொல்ல நீ யாருடி? இன்னும் எங்க வீட்டு மருமகளாகூட ஆவல!"

"ஆன்ட்டி, கத்தாதீங்க. வார்டுல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! கட்டுன புருஷன் வயித்துல கை வச்சு ஜபம் பண்ண உன் பர்மிஷன் வேணுமா?"

வார்டு வாசலை மறித்து நின்றவள் லவினா. பெங்களூர் காக்ஸ் டவுன் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குக் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்கிற நர்ஸ். எதிரே மர்பி டவுன் ஜோசஃபின். அவள் மகன் ரயானுக்கு லவினாவைப் பேசி முடித்து, சிவாஜிநகரில் புடவைகூட எடுத்தாகிவிட்டது. உள்ளே குடல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் ஜோசஃபினின் கணவர் தியோடர்.

ஜோசஃபின் கைக்கு ராசி உண்டென்று மர்பி டவுனே சொல்லும். சொல்லாதவர்களை அவள் ஜபக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. வாரம் தவறாமல் வார்டுக்கு வந்து நோயாளிகளின் காயக் கட்டின்மேல் கை வைப்பாள். உள்ளே சூடு இறங்குகிறது என்பார்கள். இறங்கத்தான் இறங்கியது. அந்த மாதம் அவள் தொட்ட மூன்று பேருக்கும் காய்ச்சல் கண்டு தையல் சீழ் பிடித்தது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு ஒன்றுமில்லை. அதைக் கவனித்த நாளிலிருந்து ஜோசஃபினின் செருப்புச் சத்தம் கேட்டாலே லவினா வார்டு வாசலுக்கு ஓடிவிடுவாள்.

"சானிடைசர் போட்டுட்டேன்ல?"

"மோதிரத்துக்கு அடியில போகாது ஆன்ட்டி."

"ஃபாதர் மந்திரிச்சுப் போட்ட மோதிரம். கல்யாணத்தன்னிக்கு ஏறுனது, இறங்கல. கழட்டுனா என் புருஷனுக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"கழட்டாம தொட்டாதான் ஆகும். சரி, லேப் தட்டுல கையை அழுத்துங்க. கிருமி ஒண்ணும் முளைக்கலேன்னா நானே அங்கிள்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் இங்கேர்ந்தே ஜபம் பண்ணுங்க."

கர்வம்தான் ஜோசஃபினை லேப்புக்கு இழுத்துப் போனது. லேப் டெக்னீஷியன் டேரில் நீட்டிய பெரிய தட்டில், கிருமி வளர்க்கிற பழுப்பு ஜெல்லியின்மேல், விரல்களை ஒட்டச் சேர்த்து அழுத்தினாள். டேரில் அதை உடம்புச் சூட்டில் வைக்கிற பெட்டிக்குள் பூட்டினான்.

இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்ததும் டேரில் ஒரு எட்டுப் பின்வாங்கினான். தட்டில் ஒரு கை முளைத்திருந்தது. வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புடைத்து, ரேகைகூடத் தெரிந்தது. மோதிர விரலின் அடியில் தடித்த வளையம். ஈரத் துணியும் இனிப்பும் கலந்த ஒரு நாற்றம். அதுகூடப் பரவாயில்லை. ஒட்டி வைத்த விரல்கள் தட்டில் விரிந்திருந்தன. எதையோ எட்டிப் பிடிக்கப் போகிற மாதிரி.

"யாரும் தொடலையே?" என்றாள் லவினா.

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

ஜோசஃபின் வந்து பார்த்தாள். தன் கையைத் தட்டின் மூடிமேல் பிடித்து அளவு பார்த்தாள். விரல்கள் தாமாக விரிந்து கீழே உள்ளதோடு அச்சாகப் பொருந்தின. அப்புறம் குழாயடிக்கு ஓடினாள். சோப்புக்கும் எண்ணெய்க்கும் மோதிரம் மசியவில்லை. டேரில் வெட்டித்தான் எடுத்தான்.

ஜோசஃபின் கை படாத தியோடர், தையல் சுத்தமாக ஆறி, நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஜோசஃபின், "என் கையைப் பொணமாக்கிக் காட்டுனவ என் வீட்ல விளக்கேத்தக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றாள். ரயான் அம்மா பார்த்து வைத்த ஆஞ்சலாவைக் கட்டிக்கொண்டு ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிபோனான். லவினா டேரிலைக் கட்டி ஓசூரில் இருக்கிறாள். கல்யாணத்தில் நெற்றியில் சிலுவை போட வந்த பெரியவர்களை எல்லாம், தூர நின்றே ஆசீர்வதிக்கச் சொன்னாளாம்.