துரத்தி வந்த வண்டி

வானவில் பள்ளத்தாக்கில் அப்போதுதான் விடிந்திருந்தது. பாறைகளின் சிவந்த உச்சியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. கீழே மஞ்சளும் வெள்ளையுமான பாறை அடுக்குகள் இன்னும் நிழலில் கிடந்தன. அந்த நாட்டில் ஆகஸ்ட் குளிர்காலம்; விரல்கள் விறைக்க க்ளைவ் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டினார். பெண்டிகோ ஊரில் முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி நோரீன், கடைசியாக ஒருமுறை பாறைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள்.

மூன்று நாள் குப்பை இரண்டு கறுப்புப் பைகளில் நாறிக்கொண்டிருந்தது. ‘இங்கே குப்பைத் தொட்டி இல்லை. உங்கள் குப்பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்’ என்ற பலகையை க்ளைவ் வந்த அன்றைக்கே படித்துவிட்டார்.

“இந்த நாத்தத்தை வண்டிக்குள்ள வச்சுக்கிட்டு எவன் போவான்? சுத்தம் பண்ணத்தான் ஆள் வச்சிருக்காங்களே” என்று முணுமுணுத்தபடி, அங்கே கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தார். நோரீன் திரும்பியதும் வண்டி கிளம்பிவிட்டது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் ரேஞ்சர் இமெல்டா வந்தாள். கூடவே அவளுடைய சித்தப்பா மகன் கிளீட்டஸ். இருவரும் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அர்ரெர்ண்டே மக்கள். அந்தப் பாறைகள் அவர்களுடைய தாத்தாவின் மண். காக்கைகள் பைகளைக் கிழித்து எலும்பையும் டப்பாக்களையும் இறைத்திருந்தன.

“மறுபடியுமா! கண்ணு தெரியாதவங்களா எல்லாரும்?” என்றான் கிளீட்டஸ்.

இமெல்டா குனிந்து பொறுக்கினாள். நடுவில் சின்னதாக ஒரு நீலப் பை. திறந்து பார்த்தவளுக்கு மனம் பதறியது. ஐஸ் கட்டிகளுக்கு இடையே சர்க்கரை நோய்க்கான இன்சுலின் ஊசிப் பேனாக்கள். மேலே நோரீன் என்று பெயர்.

“டேய், நேத்து சாயங்காலம் என்கிட்ட பேசிட்டிருந்தாங்களே, அந்த ஆன்ட்டியோடது! ஃபிங்க் ஊருக்குப் போறோம்னாங்க. அந்த மண்ரோட்டுல போன்கூட எடுக்காது. வண்டியை எடு!”

குப்பையை வண்டியின் பின்தட்டில் எறிந்துவிட்டு ஓடி ஏறினார்கள்.

எழுபது கிலோமீட்டர் தாண்டி, பின்கண்ணாடியில் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் வண்டியை க்ளைவ் பார்த்தார். விளக்கு மின்னி மின்னி அணைந்தது. ஹாரன் விடாமல் அலறியது. ரேஞ்சர் வண்டி! அபராதம் போட வருகிறார்கள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்.

“நிறுத்து க்ளைவ், நம்மளைத்தான் கூப்பிடுறாங்க.”

“நீ சும்மா இரு. வேற யாரையாவது தேடுவாங்க.”

“இந்தப் பாலைவனத்துல வேற யாரு இருக்கா? சரி, எனக்கு டிபன் சாப்பிடணும். ஊசி போட்டுக்கறேன். என் நீலப் பையை எங்க வச்ச?”

க்ளைவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. காலையில் அள்ளியதில் நீலமாக ஏதோ இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னால் வந்து நின்ற வண்டியிலிருந்து கிளீட்டஸ் தலையை நீட்டினான். “வருஷா வருஷம் நடக்கிற ஃபிங்க் பாலைவன ரேஸ் ஜூன்லயே முடிஞ்சுபோச்சே அங்கிள், யாருகூடப் போட்டி?”

இமெல்டா இறங்கி ஓடிவந்தாள். “ஆன்ட்டி, உங்க மருந்து! ஐஸ்கூட உருகல. என் சின்னம்மாவும் இதைத்தான் போட்டுக்கறாங்க, அதான் பார்த்ததும் தெரிஞ்சுது.”

நோரீன் பையை வாங்காமல் அவளையே கட்டிக்கொண்டாள். “நல்லா இரும்மா. நீ வரலைன்னா என் கதி? இது எங்க கிடைச்சுது?”

இமெல்டா ஒரு கணம் க்ளைவைப் பார்த்தாள். “கழிப்பறை பக்கத்துல இருந்துச்சு ஆன்ட்டி” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்தப் பெருந்தன்மைதான் க்ளைவைச் சுட்டது. “மறந்து வச்சதில்ல நோரீன். குப்பையோட சேர்த்து நான்தான் தூக்கிப் போட்டேன். பலகையைப் படிச்சிட்டுத்தான் போட்டேன். இவங்க என்னைப் பிடிக்க வர்றாங்கன்னு நெனச்சு ஓடவும் செஞ்சேன்.”

அவரே போய்ப் பின்தட்டிலிருந்த கிழிந்த பைகளை இறக்கித் தன் வண்டியில் ஏற்றினார். கையெல்லாம் பிசுபிசுத்தது.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா” என்றார்.

“எங்க மண்ணுக்கு வந்தவங்க உசுரோட வீடு போய்ச் சேரணும் அங்கிள். அது எங்க பொறுப்பு” என்றாள் இமெல்டா.

க்ளைவ் தலையை ஆட்டினார். “விருந்தாளிக்கும் ஒரு பொறுப்பு இருக்கும்மா. நான் போட்ட குப்பைக்கு நீ குனிஞ்சதாலதான் இவ பொழைச்சா. என் குப்பையை அள்ள இன்னொருத்தர் குனியணும்னு இனி நான் எங்கேயும் நினைக்க மாட்டேன். அவனவன் குப்பையை அவனவன் சுமக்கிறதுதான் வந்த இடத்துக்குச் செய்யற மரியாதை.”