டெனீஸ் போட்ட படம்

விடிந்தும் விடியாத நேரம். சாண்ட்விச் தொழிற்சாலைக்குள் வெளியே இருப்பதைவிடக் கடுங்குளிர். பெல்ட்டில் ரொட்டித் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. தஸ்லீம் முட்டைக் கலவையை அள்ளினாள், தடவினாள், தள்ளினாள். தலை நிமிர்ந்தால் நாலு ரொட்டி வெறுமையாகத் தாண்டிவிடும். கையுறைக்குள் விரல்கள் மரத்துக் கிடந்தன. போன மாதம்தான் வேகத்தை மறுபடியும் கூட்டினார்கள். கூலியைக் கூட்டும் பேச்சே இல்லை. முதலாளி ரட்கிளிஃபின் தாராள மனசெல்லாம் பெல்ட்டோடு சரி.

பக்கத்தில் நின்ற டெனீஸ் வாய் திறக்கவில்லை. பதினோரு வருசத்தில் அவள் வாய் மூடி நின்றதைத் தஸ்லீம் பார்த்ததே கிடையாது. எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை.

பெல்ட் வரிசையில் வேலை விடியலில் தொடங்கி இருட்டிய பின்தான் முடியும். அங்கே எழுதாத ஓர் ஏற்பாடு இருந்தது. ரம்ஜான் மாதத்தில் பொழுது சாயும்போது நோன்பு வைத்தவர்கள் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்து வரும்வரை மற்றவர்கள் அவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். பதிலுக்குக் கிறிஸ்துமஸ் வேலையை இவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். யாரும் அதை உபகாரமாக நினைத்ததில்லை.

அந்த யார்க்ஷயர் ஊரில் தங்களுக்குப் பிடித்தவர்களைத் திட்டித்தான் பேசுவார்கள். டெனீஸும் அப்படித்தான். உள்ளே கொண்டுவரக் கூடாத போனை ஒளித்துக் கொண்டுவந்து, குவிந்த ரொட்டிக்கு நடுவே தன் முகத்தையும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பழம் கடிக்கும் தஸ்லீமையும் படமெடுத்து, "மகாராணிகள் விருந்து சாப்பிடுகிறார்கள், நான் மாடாய் உழைக்கிறேன்" என்று எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள். தஸ்லீமே அதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஊர்க்காரர்கள் நடத்தும் இணையப் பக்கம் ஒன்று படத்தை எடுத்துப் போட்டுக்கொண்டது. 'சொந்த நாட்டிலேயே அடிமையான வெள்ளைக்காரி' என்று தலைப்பு. அடுத்த நாளே தொழிற்சாலை வாசலில் கொடியோடு ஆட்கள். விளையாட்டுக்குப் போட்டேன் என்று டெனீஸ் எழுதிப் பார்த்தாள். அவளுடைய தம்பி கிரெய்க்கே நம்பவில்லை. "உன்னை மிரட்டி எழுத வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாதா?" என்றான்.

இனி யாரிடம் போய் என்ன சொல்வது? 'உன் ஊருக்குப் போ' என்று வாசலில் கத்துகிறார்கள். தஸ்லீம் பிறந்ததே இரண்டு தெரு தள்ளி. அவளுக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

மத்தியான இடைவேளையில் ரட்கிளிஃப் வந்தார்.

"இனிமே பொழுது சாயறப்ப யாரும் நகரக் கூடாது. அப்புறம் தஸ்லீம், நாளையிலிருந்து நீ வர வேண்டாம். நிலைமை ஆறட்டும்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? உன் முகம் ஊரெல்லாம் சுத்துது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் கூலியிலதான் வீட்ல அடுப்பெரியுது. அது நல்லதில்லையா?"

டெனீஸ் முன்னால் வந்தாள். "படம் போட்டது நான். என்னை அனுப்புங்க."

"உன்மேல வெளிய யாருக்கும் கோவமில்லையே, டெனீஸ்."

 டெனீஸுக்கு முகம் சிவந்தது.

"பெல்ட்டை வேகமா ஓட விட்டது யாரு? தஸ்லீமா?" மூலையிலிருந்து போலந்துக்காரர் ஸ்லாவோமிர் கேட்டார். "பத்து வருசம் முன்ன இதே வாசல்ல எங்களைப் போகச் சொன்னாங்க. அப்பவும் நீங்க ஆறட்டும்னுதான் சொன்னீங்க. எங்க ஆள் ரெண்டு பேர் திரும்பி வரவே இல்ல."

ரட்கிளிஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி போய்விட்டார்.

உடை மாற்றும் அறையில் டெனீஸ் தஸ்லீமிடம் வந்தாள். "என்னை நாலு வார்த்தை திட்டிடுடி."

"திட்டி என்ன ஆகப்போவுது?"

"நாளைக்கு வா. வழக்கம்போல வந்து கதவுல அட்டையை வை."

"கதவு திறக்காது."

"திறக்காதுன்னு எனக்கும் தெரியும். நீ வா."

மறுநாள் விடியலில் தூறல். வாசலில் வரிசை நின்றது. தஸ்லீம் முன்னால் போய் வருகை அட்டையைக் கதவருகே இருந்த கருவியில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. விலகி வழிவிட்டாள், பழகிப்போன பணிவு. பின்னால் நின்ற டெனீஸ் தன் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஸ்லாவோமிர் கைகளைக் கட்டிக்கொண்டார். அதற்கும் பின்னால் சிலர் தயங்கினார்கள். இருவர் தலை குனிந்தபடி உள்ளே போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

எதிர்ப்பக்கம் கொடிக்காரர்களுக்கு நடுவிலிருந்து கிரெய்க் கூப்பிட்டான். "அக்கா, அங்க என்ன பண்ற? இங்க வா."

 டெனீஸுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"வரிசையில நிக்கிறேன், கண்ணு தெரியலையா? இவளுக்கு அப்புறம்தான் நான்."

தஸ்லீம் திரும்பவும் அட்டையை வைத்தாள். மறுபடியும் சிவப்பு. உள்ளே பெல்ட் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. ரொட்டி வரத் தொடங்கியிருக்கும். உள்ளே போன இருவரைத் தவிரத் தொட ஆளில்லை.