பெருமாளுக்கு டாம் யாம்

"இந்த பாட்டிலா?" அறிவு வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்தினான். "இதுல எறா கீதேக்கா."

ஸஹானா செல்போனைத் தன் பக்கம் திருப்பி, பாட்டில் படத்தில் இறாலைத் தேடினாள்.

அடையாறில் அந்தத் தாய்லாந்து ரெஸ்டாரன்ட்டின் சமையற்கட்டு. மணி பத்து முப்பத்தைந்து. ஒரு பிடி எலுமிச்சை இலை கேட்டுத்தான் வந்தாள். வீட்டில் எதைப் போட்டு சூப் வைத்தீர்கள் என்று சமையல்காரன் அறிவு சும்மா கேட்டான். அவளும் சும்மா அந்த மிளகாய் விழுது பாட்டிலின் படத்தைக் காட்டினாள்.

"மூடியில மிளகாய்தானே போட்டிருக்கு? பூண்டுகூட இல்லேன்னாளே, பாங்காக்லேர்ந்து வாங்கிண்டு வந்த ஃப்ரெண்ட்."

"அங்க எறாவை யாருக்கா அசைவம்னு எண்ணிக்கினு இருக்கான்? உப்பு மாதிரி அது."

போன வாரம் இங்கேதான் அவளுடைய மாமனார் கஸ்தூரிரங்கன் சைவ டாம் யாம் சூப் இரண்டு கிண்ணம் குடித்தார். 'ஆத்துல பண்ணினா பெருமாளுக்கும் காட்டலாமே' என்று சொன்னதும் அவர்தான். பெருமாளுக்குக் காட்டுமுன் அந்த வீட்டில் யாரும் ருசி பார்க்க மாட்டார்கள். உப்புகூடக் குத்துமதிப்புதான். ஸஹானாவும் சூப்பை நாக்கில் வைக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள்.

பதினொன்றுக்குப் பூஜை.

மாமனாரின் போன் அடித்து ஓய்ந்தது. பூஜைக்கு உட்கார்ந்தால் அவர் போனைத் தொட மாட்டார்.

ஆட்டோ பாலத்தைத் தாண்டுவதற்குள் நந்தனம் ஆபீஸில் இருந்த கணவனைப் பிடித்தாள்.

"எறாவா?" ஜெயராம் குரலைத் தாழ்த்தினான். "அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காதே. கைதவறிக் கொட்டிடுத்துன்னு சொல்லிடு."

மந்தைவெளி சிக்னலில் சிவப்பு. அவள் சீட் நுனியில் இருந்தாள்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரியா?" என்றார் டிரைவர்.

"இல்ல. சூப்."

அவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஹாரனை அமுக்கினார்.

மயிலாப்பூர். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடிப் படியிலேயே மணிச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினாள். கஸ்தூரிரங்கன் கையில் டம்ளர். மறுபடி சுடவைத்த சூப்பில் ஆவி பறந்தது.

"இலைக்குக் காத்துண்டிருந்தா பெருமாள் பட்டினின்னா. கண்டருளப் பண்ணியாச்சு." டம்ளரை உயர்த்தினார்.

தட்டிவிட்டால் போதும். கைகூட நீண்டது.

"மாமா, குடிக்காதீங்கோ. அதுல எறா இருக்கு."

டம்ளர் மோவாய்க்கு நேராக நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் பெருமாளைப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி அவர் சாப்ட்டாச்சே."

"என் தப்புதான் மாமா. கொட்டிடறேன்."

"பிரசாதத்தைக் கொட்டறதாவது."

பத்து நிமிடம் கழித்து, கீழே கேட்டருகே வாட்ச்மேன் ஆனந்தகுமாரிடம் கஸ்தூரிரங்கன் நடந்தது மொத்தமும் சொல்லி முடித்தார். ஆனந்தகுமார் சிரித்துவிட்டு சூப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் உறிஞ்சினார்.

"எறான்றீங்க. ஒண்ணுகூட காணமே சார்."

கஸ்தூரிரங்கன் நகரவில்லை. "புளிப்பு?"

"கரெக்டா கீது."

"காரம்?"

"ஏறுது சார்."

"சித்தரத்தை வாசனை தெரியறதோ?"

"சார், கொஞ்சம் குடிக்க வுடுங்க."