முப்பதாயிரத்து முப்பத்தொன்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு மனுஷியிடமிருந்து வரவில்லை, ஒரு எண்ணிலிருந்து வந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று எல்லாவற்றையும் பெருக்கினால் 30,030. ஒன்றைக் கூட்டினால் 30,031. அந்த ஆறில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். சூளையில் வளர்ந்தவன் நான். மிஞ்சுகிற அந்த ஒன்று எனக்குச் செங்கல்லாகத்தான் தெரிந்தது.

2

பனிக்குள் செங்கற்கள் படுத்திருக்கும் மாடுகளைப் போல... (அடித்துவிட்டேன். செங்கல் செங்கல் மாதிரிதான் இருக்கும்.)

அவள் சூளையில் கல் அடுக்குகிறவள். மொத்தம் 30,031 என்று எண்ணிச் சொல்லிவிட்டாள். மேஸ்திரி எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை. வரிசைகள் சமமாக முடிகின்றனவா என்று பார்ப்பார். ஒரு கல் தனியாக நின்றால் எண்ணியவள் பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். வேலை போய்விடும்.

ஏழேழாக அடுக்கினாள். ஒன்று மிச்சம். பதினொன்றாக அடுக்கினாள். ஒன்று. பதிமூன்றாக. பனிக்குள்ளிருந்து அதே ஒன்று, இன்னும் சூடு ஆறாமல், அவள் காலடிக்கு வந்து நின்றது. (இதெல்லாம் வாரக்கணக்கான வேலை. ஒரே காலையில் முடித்துவிட்டேன். முதுகு என்னுடையது இல்லையே.)

"அண்ணி, அதத் தூக்கி எங்கயாவது போடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் நாத்தனார்.

"எனக்குத் தெரியுமே. எண்ணினவ நான்தானே."

"ஆமா, கல்லு வந்து உனக்குச் சோறு போடும்!"

மேஸ்திரி வந்தார். "என்னம்மா, ஒண்ணு நிக்குது?"

"சரியாத்தாங்க எண்ணினேன்."

"நீ பேசாத, வரிசை பேசட்டும். கிளம்பு."

3

அவள் பையை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள். எந்த வரிசைக்குள்ளும் அடங்காத பகா எண்ணைப் போல... என்று முடித்தேன். எனக்கே கண் கலங்கியது.

4

தப்பு என்னுடையது. பதினேழிலிருந்து ஐம்பத்துமூன்று வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தேன். மீதி வந்துகொண்டே இருந்தது. கை சலித்துப்போய், இதுவும் பகா எண்தான் என்று எழுதிவிட்டேன். அடுத்தது ஐம்பத்தொன்பது. அதைப் போடவில்லை. போட்டால், வரிசைக்கு ஐம்பத்தொன்பது கல், ஐந்நூற்றொன்பது வரிசை, மிச்சமே கிடையாது. இன்னும் ஒரு வகுத்தலுக்குச் சோம்பி ஒருத்தியின் வேலையைப் பறித்திருக்கிறேன்.

5

ஓடிப்போய் வாசலில் அவளை நிறுத்தினேன். ஐம்பத்தொன்பது கணக்கைக் கேட்டு மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "பொழுது சாயறதுக்குள்ள அப்படி அடுக்கிக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அக்கா, அம்பத்தொம்பதா அடுக்குங்க. சரியா வரும்."

"கணக்க நீ போட்டுட்ட தம்பி. கல்லத் தூக்கறது யாரு?"

அவள் ஒரே மூச்சில் அடுக்கி... (அடித்துவிட்டேன். யாராலும் முடியாது.)

பேனாவை வைத்துவிட்டுக் குனிந்திருக்கிறேன். நாத்தனாரும் முந்தானையைச் செருகிக்கொண்டாள். மூன்று பேர் போதாது. முதல் வரிசையில் பதினெட்டுக் கல் ஆகியிருக்கிறது. பத்தொன்பதாவது உங்கள் பக்கத்தில் கிடக்கிறது. அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.